லண்டன் – சிட்னி: 17,020 கிலோமீட்டரைக் கடக்க எத்தனை மணி நேரம்?

கேள்வி இதுதான்: "அக்கா லண்டனில் இருக்கிறாள், நான் சிட்னியில். 72 வயது அம்மா இப்போது அக்காவோடு இருக்கிறார். ஜனவரியில் என்னிடம் வந்து ஏப்ரலில் திரும்புகிறார். இரண்டு ஊருக்கும் விமானத்தில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? ஓர் இணையதளம் 19 மணி நேரம் என்கிறது. வரும் டிக்கெட்டில் 22 மணி 30 நிமிடம் என்று இருக்கிறது. திரும்பும் டிக்கெட்டில் 24 மணி நேரம். தூரமும் இடத்துக்கு இடம் மாறுகிறது. எதை நம்புவது?"

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து சிட்னி விமான நிலையத்துக்கு மிகக் குறுகிய வான்வழித் தூரம் சுமார் 17,020 கிலோமீட்டர். சிங்கப்பூரில் ஒரு தடவை இறங்கி ஏறினால் லண்டனிலிருந்து சிட்னிக்கு 22 முதல் 23 மணி நேரம் ஆகும். சிட்னியிலிருந்து லண்டனுக்கு 23½ முதல் 24½ மணி நேரம். நீங்கள் பார்த்த 19 மணி நேரம் கணக்குக்குச் சரி, ஆனால் இன்றைக்கு அந்த நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் டிக்கெட்டை யாரும் விற்கவில்லை.

இனி விரிவாக. நான் பல வருஷம் விமானங்களுக்குப் பாதை போடும் பிரிவில் வேலை பார்த்தவன். எந்த வழியாகப் போவது, எந்த உயரத்தில் பறப்பது, எத்தனை டன் எரிபொருள் ஏற்றுவது என்று ஒவ்வொரு விமானத்துக்கும் கிளம்புவதற்கு முன்னால் கணக்குப் போட்டுக் கொடுப்போம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இரண்டு ஊருக்கு இடையே தூரம் என்பது ஒரே எண். நேரம் அப்படி இல்லை. அது தினமும் புதிதாகக் கணக்கிடப்படுகிறது.

தூரத்தில் வரும் குழப்பம் சின்னது. லண்டன் நகர மையத்திலிருந்து சிட்னி நகர மையத்துக்கு அளந்தால் 16,990 கிலோமீட்டர் வரும். விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு அளந்தால் 17,020. பூமியைச் சரியான உருண்டை என்று வைத்துக் கணக்கிடும் தளங்களும், துருவங்களில் சற்றுத் தட்டையானது என்பதைச் சேர்த்துக் கணக்கிடும் தளங்களும் சில கிலோமீட்டர் வேறுபடும். 17,200 என்றோ 17,500 என்றோ பார்த்திருந்தால், அது வழியில் இறங்கும் ஊரையும் சேர்த்த கணக்கு. மைலில் சொல்வதானால் ஏறத்தாழ 10,570. பூமியில் எந்த இரண்டு இடங்களுக்கும் இடையே இருக்கக்கூடிய அதிகபட்ச தூரமே சுமார் 20,000 கிலோமீட்டர்தான். அதில் 85 சதவீதத்தை உங்கள் அம்மா ஒரே பயணத்தில் கடக்கப் போகிறார்.

சரி, இந்த 17,020 கிலோமீட்டர் எந்த வழியாகப் போகிறது? சுவரில் மாட்டிய உலக வரைபடத்தைப் பார்த்தால் லண்டனிலிருந்து தென்கிழக்கே, துருக்கி, அரபு நாடுகள், இந்தியப் பெருங்கடல் வழியாக ஆஸ்திரேலியாவுக்குக் கோடு போடத் தோன்றும். வீட்டில் பிள்ளைகளின் பூகோள உருண்டை இருந்தால் எடுத்து, லண்டனில் ஒரு நூல் முனையை வைத்து சிட்னி வரை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நூல் தென்கிழக்கே போகாது. லண்டனை விட்டதும் வடகிழக்கே ஏறும்! வடகடல், பால்டிக் கடல் தாண்டி, மாஸ்கோவுக்கும் வடக்கே ஏறக்குறைய 57 டிகிரி அட்சரேகை வரை போகும். அதற்குப் பிறகுதான் தெற்கே சாயும். கசகஸ்தான், சீனாவின் சின்ஜியாங், திபெத் பீடபூமியின் கிழக்கு ஓரம், ஹாங்காங், பிலிப்பைன்ஸ், இந்தோனேசியாவின் கிழக்குத் தீவுகள், வடக்கு ஆஸ்திரேலியா, அப்புறம் சிட்னி. உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழி இதுதான்.

ஹாங்காங் இந்தக் கோட்டின் மேல் எவ்வளவு கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது என்பதை முதன்முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. லண்டன்–ஹாங்காங், ஹாங்காங்–சிட்னி இரண்டையும் கூட்டினால், நேர்க்கோட்டுத் தூரத்தைவிடச் சில கிலோமீட்டர்தான் அதிகம். வரைபடத்தில் அதை ஒரு சுற்றுவழி என்றுதான் எவரும் நினைப்பார்கள்.

ஆனால் இந்தக் கோட்டின் மேல் பறக்க இன்றைக்குப் பெரும்பாலான நிறுவனங்களால் முடியாது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் பிரிட்டன் தன் வானத்தை ரஷ்ய விமானங்களுக்கு மூடியது. பதிலுக்கு ரஷ்யா தன் வானத்தை பிரிட்டிஷ் விமானங்களுக்கும், அடுத்தடுத்து ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் விமானங்களுக்கும் மூடியது. உக்ரைன் வானம் எல்லோருக்குமே மூடிக்கிடக்கிறது. ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்கு வரும் விமானங்களில் பெரும்பகுதி இப்போது துருக்கி, கருங்கடல், ஜார்ஜியா, அஜர்பைஜான் என்று ஓர் ஒடுக்கமான சந்து வழியாக வருகிறது, இல்லையென்றால் தெற்கே இறங்கி அரபு நாடுகளின் மேல் வருகிறது. ஹாங்காங்கிலிருந்து லண்டனுக்கு முன்பு 13 மணி நேரத்துக்குள் போய்விடலாம். இப்போது 14 மணி நேரத்தை ஒட்டி ஆகிறது. தூரம் மாறவில்லை, வழிதான் மாறிவிட்டது. சீன நிறுவனங்கள் போன்ற சிலவற்றுக்கு ரஷ்ய வானம் இன்னும் திறந்திருக்கிறது. ஷாங்காய், குவாங்சோ வழியாகப் போகும் டிக்கெட்டுகளில் லண்டன் பகுதி குறைந்த நேரம் காட்டுவதற்கு அதுதான் காரணம்.

வானம் மூடப்படுவது நம் பக்கத்திலும் நடந்திருக்கிறது. 2019 பிப்ரவரி இறுதியில் பாகிஸ்தான் தன் வானத்தை மூடியபோது, தென்கிழக்கு ஆசியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் விமானங்கள் ஒரே இரவில் வழி தெரியாமல் நின்றன. அது முழுமையாகத் திறக்க ஜூலை நடுப்பகுதி வரை ஆனது. எங்களைப் போன்றவர்களுக்கு அந்த மாதங்களில் தூக்கமே இல்லை. ஒரு நாட்டின் மேல் பறக்க முடியாது என்றால் கோட்டைச் சற்று வளைத்தால் போதாது. பக்கத்து நாட்டு வானத்தில் இடம் இருக்கிறதா, அங்கே எத்தனை விமானம் ஏற்கெனவே வரிசையில் இருக்கிறது, கூடுதல் தூரத்துக்கு எரிபொருள் போதுமா என்று எல்லாவற்றையும் மறுபடி பார்க்க வேண்டும்.

திபெத் பற்றி ஒரு வார்த்தை. அங்கே வானம் திறந்திருந்தாலும் விமானங்கள் அதைத் தவிர்க்கவே பார்க்கும். பறக்கும்போது உள்ளே காற்றழுத்தம் போய்விட்டால், எல்லோரும் இயல்பாக மூச்சுவிடும்படி விமானம் சுமார் 10,000 அடிக்கு இறங்கியாக வேண்டும். திபெத்தில் தரையே அதைவிட உயரம்.

அப்படியானால் உங்கள் அம்மா வரப்போகும் சிங்கப்பூர் வழி எவ்வளவு சுற்று? லண்டன்–சிங்கப்பூர் 10,880 கிலோமீட்டர். சிங்கப்பூர்–சிட்னி சுமார் 6,300. கூட்டினால் 17,180. நேர்க்கோட்டைவிட ஏறக்குறைய 160 கிலோமீட்டர்தான் அதிகம். சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் அளவு. துபாய் வழியாக வந்தால் 5,500-ம் 12,050-ம் சேர்ந்து 17,550 கிலோமீட்டர். தோஹாவும் ஏறத்தாழ அதே அளவு. சிலர் மேற்கே போய் லாஸ் ஏஞ்சலிஸ் வழியாக வருவார்கள்: 8,780-ம் 12,060-ம் சேர்ந்து 20,840. அமெரிக்காவில் சும்மா மாறி ஏறுவதற்கே விசாவோ முன்அனுமதியோ வேண்டும், அதனால் அம்மாவுக்கு அந்த வழி வேண்டாம்.

இவை எல்லாம் கணக்குத் தூரங்கள். உண்மையில் பறக்கும்போது வானிலை, மூடிய வானம், விமான நிலையத்தைச் சுற்றும் வட்டம் என்று இன்னும் சில நூறு கிலோமீட்டர் சேரும்.

இப்போது நேரத்துக்கு வருவோம். இணையதளங்கள் பெரும்பாலும் தூரத்தை மணிக்கு 900 கிலோமீட்டரால் வகுத்துவிடும். சில தளங்கள் ஏற இறங்க அரை மணி நேரம் கூட்டிக்கொள்ளும். 17,020-ஐ 900-ஆல் வகுத்தால் 18 மணி 55 நிமிடம். உங்களுக்குக் காட்டிய 19 மணி நேரம் இப்படி வந்ததுதான். அந்த 900 என்பது காற்றுக்குள் விமானத்தின் வேகம். தரைக்கு மேல் அது எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பது காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதைப் பொறுத்தது. ஆற்றோட்டத்தோடு போகும் படகையும் எதிர்த்துப் போகும் படகையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

விமானங்கள் பறக்கும் உயரத்தில், மிதமான அட்சரேகைகளில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றோட்டம் ஓடுகிறது. வேகக்காற்றோட்டம் என்பார்கள்; ஆங்கிலப் பெயரிலேயே ஜெட் ஸ்ட்ரீம் என்றும் சொல்வதுண்டு. மணிக்கு 150, 200 கிலோமீட்டர் சாதாரணம். குளிர்காலத்தில் சில இடங்களில் 300-ஐத் தாண்டும். வட அரைக்கோளத்திலும் இருக்கிறது, ஆஸ்திரேலியாவின் மேலும் இருக்கிறது. இரண்டு பக்கமும் மேற்கிலிருந்து கிழக்காகத்தான் ஓடும். அதனால் லண்டனிலிருந்து வருபவர்களை அது தள்ளிவிடுகிறது, திரும்பிப் போகிறவர்களை மறிக்கிறது.

பாதை முழுவதும் சேர்த்துச் சராசரியாக மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று என்று வைத்துக்கொள்வோம். 17,020 கிலோமீட்டரை 940 வேகத்தில் கடக்க 18 மணி 6 நிமிடம். 860 வேகத்தில் கடக்க 19 மணி 47 நிமிடம். இவ்வளவு மிதமான காற்றே 1 மணி 41 நிமிடம் வித்தியாசம் கொண்டுவருகிறது. உங்கள் இரண்டு டிக்கெட்டுகளுக்கும் இடையே இருக்கும் ஒன்றரை மணி நேரம் பெரும்பாலும் இந்தக் காற்றுதான்.

பாதை போடும்போது நாங்கள் குறுகிய கோட்டைத் தேடுவதில்லை, குறைந்த நேரம் பிடிக்கும் கோட்டைத் தேடுகிறோம். கிழக்கே போகும்போது வேகக்காற்றோட்டத்தின் மேல் ஏறிக்கொள்ள 200, 300 கிலோமீட்டர் விலகிப் போனாலும் லாபம். மேற்கே போகும்போது அதிலிருந்து ஒதுங்கிப் போக வேண்டும். ஒரே ஊர், ஒரே விமானம், ஒரே விமானி. போகும் வழியும் வரும் வழியும் ஒன்றாக இருப்பதில்லை.

இதில் நம் நாட்டுக்கு மேல் நடக்கும் ஒன்றைச் சொல்ல எனக்கு எப்போதும் ஆசை. குளிர்காலத்தில் இந்த மேற்குக் காற்று இமயமலைக்குத் தெற்கே, வட இந்தியாவின் மேல் ஓடுகிறது. தென்மேற்குப் பருவமழை தொடங்கும் நேரத்தில் அது திபெத்துக்கு வடக்கே நகர்ந்துவிடும். அதன் பிறகு தென்னிந்தியாவின் மேல், ஏறக்குறைய சென்னையின் அட்சரேகையில், நேர் எதிர்த்திசையில், கிழக்கிலிருந்து மேற்காக ஒரு வேகக்காற்றோட்டம் உருவாகிறது. 1950-களில் இதை ஆராய்ந்து 1958-ல் உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோடேஸ்வரம். ஜூன் முதல் செப்டம்பர் வரை வங்காள விரிகுடாவைக் கடந்து சிங்கப்பூர் போகும் விமானங்களுக்கு அந்தப் பகுதியில் எதிர்க்காற்று அடிக்கும். உங்கள் அம்மா ஜனவரியில் வருவதால் மேற்குக் காற்று நல்ல பலத்தோடு அவரைத் தள்ளிவிடும். வருஷத்தில் லண்டனிலிருந்து கிழக்கே வர இதைவிட நல்ல மாதம் குறைவு.

காற்று எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு நிஜ உதாரணம். ஆஸ்திரேலியாவின் க்வான்டாஸ் விமான நிறுவனம் 2018 மார்ச் 24 அன்று, அந்நாட்டின் மேற்குக் கரையில் இருக்கும் பெர்த்திலிருந்து லண்டனுக்கு எங்கும் நிற்காத விமானத்தைத் தொடங்கியது. 14,500 கிலோமீட்டர், போயிங் 787-9, சுமார் 17 மணி 20 நிமிடம். 2024 ஏப்ரலில் மேற்காசியாவில் பதற்றம் கூடியபோது வழக்கமான வானத்தை விட்டு விலகிப் பறக்க வேண்டியதாயிற்று. பெர்த்திலிருந்து லண்டனுக்குப் போகும் விமானத்துக்கு அந்தச் சுற்றுவழிக்கு எரிபொருள் போதவில்லை. முழுச் சுமையோடு போக வேண்டுமானால் சிங்கப்பூரில் இறங்கி நிரப்பிக்கொள்ள வேண்டியிருந்தது. லண்டனிலிருந்து பெர்த்துக்கு வரும் விமானமோ அதே நாட்களில் நிற்காமலே வந்துகொண்டிருந்தது! பின்னாலிருந்து தள்ளிய காற்றுதான் வித்தியாசம்.

இங்கே நீங்கள் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி இருக்கிறது. பெர்த்துக்கு நிற்காமல் வர முடிகிறது. சிட்னிக்கு ஏன் முடியவில்லை? இன்னும் 2,500 கிலோமீட்டர்தானே? அந்த 2,500-க்கு எரிபொருள் ஏற்றினால் விமானத்தின் எடை கூடும். கூடிய எடையைச் சுமக்க மேலும் எரிபொருள் வேண்டும். அதைச் சுமக்க இன்னும் கொஞ்சம். 787-9 கிளம்பும்போது இருக்கக்கூடிய அதிகபட்ச எடை 254 டன். தொட்டி முழுக்க நிரப்பினால் எரிபொருளே அதில் 100 டன்னைத் தாண்டிவிடும். அதற்கு மேல் போக வேண்டுமானால் பயணிகளைக் குறைக்க வேண்டும். பயணிகள் இல்லாமல் விமானம் ஓட்டி என்ன பயன்?

பயணிகள் இல்லாமல் ஓட்டிக் காட்டியும் இருக்கிறார்கள். 1989 ஆகஸ்ட் 16–17-ல் க்வான்டாஸின் புத்தம் புதிய போயிங் 747-400 ஒன்று லண்டனிலிருந்து சிட்னிக்கு நிற்காமல் பறந்தது. உள்ளே இருந்தது இருபது சொச்சம் பேர்தான். வழக்கத்தைவிட அடர்த்தியான சிறப்பு எரிபொருள் ஏற்றினார்கள். தரையில் என்ஜின் ஓடி ஒரு சொட்டும் வீணாகக் கூடாது என்று ஓடுபாதை வரை வண்டி வைத்து இழுத்துப் போனார்கள். 20 மணி 9 நிமிடத்தில் சிட்னி வந்து இறங்கியது. அந்த விமானம் இப்போது சிட்னிக்குத் தெற்கே இல்லவாரா பகுதியில் ஓர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அம்மா வரும்போது நேரம் இருந்தால் கூட்டிப் போய்க் காட்டுங்கள்.

2019 நவம்பரில் மறுபடியும் ஒரு சோதனை. 787-9-ல் ஐம்பது பேர் அளவில், லண்டனிலிருந்து சிட்னிக்கு 19 மணி 19 நிமிடம். இந்தத் தடவை ஆராய்ந்தது உள்ளே இருக்கும் மனிதர்களை. ஏறியதும் சிட்னி நேரத்துக்கு ஏற்ப விளக்கு, சாப்பாடு, தூக்கம். ஏற்கெனவே உட்கார்ந்தே தூங்கிப் பழகிய நம் பெரியவர்களுக்கு இது புதிதாக இருக்காது, ஆனாலும் அளந்து பார்த்தது நல்லது. இதன் தொடர்ச்சியாக 2022-ல் 12 ஏர்பஸ் ஏ350-1000 விமானங்களுக்கு க்வான்டாஸ் ஆர்டர் கொடுத்தது. பின்பக்கத்தில் 20,000 லிட்டர் கூடுதல் தொட்டி, 238 இருக்கைகள் மட்டும். சிட்னியிலிருந்து லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் நிற்காமல் பறக்க 2027-ஐக் குறித்திருக்கிறார்கள். சிட்னியிலிருந்து போகும்போது 20 மணி நேரத்தை ஒட்டியோ அதைத் தாண்டியோ ஆகும்.

இந்தத் திட்டத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'சூரிய உதயம்'. அந்தப் பெயருக்குப் பின்னால் இலங்கை இருக்கிறது, இதைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்ததும் ஆஸ்திரேலியாவுக்கும் லண்டனுக்கும் இடையே இருந்த வான்வழி அறுந்துபோனது. 1943 ஜூலையில் அதை மறுபடி ஒட்டவைத்தார்கள்: பெர்த்தின் ஸ்வான் ஆற்றிலிருந்து கிளம்பி, நடுவே தரையே இல்லாத இந்தியப் பெருங்கடலைக் கடந்து, இலங்கையின் காலி நகருக்குப் பக்கத்தில் கொக்கலை ஏரியில் இறங்கும் கேட்டலினா கடல்விமானங்கள். அங்கிருந்து கராச்சி வழியாக மேற்கே தொடர்ச்சி. தூரம் சுமார் 5,600 கிலோமீட்டர். நேரம் 27 முதல் 32 மணி வரை! ஜப்பானிய விமானங்கள் கண்ணில் படக்கூடாது என்று வானொலியைத் திறக்காமல், இரவில் நட்சத்திரங்களைப் பார்த்து வழி கண்டுபிடித்தார்கள். எரிபொருளின் எடை போக மூன்று பயணிகளுக்குத்தான் இடம். ஒரே பயணத்தில் சூரியன் இரண்டு தடவை உதிப்பதைப் பார்ப்பார்கள் என்பதால், பயணம் செய்தவர்களுக்கு 'இரட்டை உதய'த்தின் பெயரால் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். 1945 வரை 271 தடவை கடந்தார்கள். அதில் மிக நீண்டது 32 மணி 9 நிமிடம். பயணிகளை ஏற்றிக்கொண்டு நிற்காமல் வானத்திலேயே இருந்த நேரத்தில் இதை இன்றைய எந்த விமானச் சேவையும் தொடவில்லை.

5,600 கிலோமீட்டருக்கு 32 மணி நேரம். இன்றைக்கு அதே தூரத்தை ஏழு மணி நேரத்துக்குள் கடந்துவிடுகிறார்கள்.

அதற்கும் முந்தைய கதை சுருக்கமாக. 1919 நவம்பர் 12-ல் ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் சகோதரர்கள் இரண்டு மெக்கானிக்குகளோடு லண்டனின் ஹவுன்ஸ்லோவிலிருந்து கிளம்பி டிசம்பர் 10-ல் டார்வினில் இறங்கினார்கள். 28 நாள். 1935-ல் பயணிகள் சேவை தொடங்கியபோது லண்டனிலிருந்து பிரிஸ்பேனுக்குப் பன்னிரண்டரை நாள். அதிலும் பாரிஸிலிருந்து இத்தாலியின் பிரிண்டிசி வரை ரயிலில்தான் போக வேண்டும். 1947 டிசம்பரில் கான்ஸ்டலேஷன் விமானம் வந்தது. சிட்னியிலிருந்து டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி என்று துள்ளித் துள்ளிப் போய் நான்கு நாளில் லண்டன். இந்தத் துள்ளலால்தான் இதற்குக் கங்காரு வழி என்று பெயர். 29 பயணிகள், போக வர 585 பவுண்டு. அன்றைக்கு அது சாதாரணக் குடும்பம் கனவிலும் நினைக்க முடியாத தொகை.

சரி, கடிகாரத்துக்கு வருவோம், பலர் தடுமாறுவது இங்கேதான். லண்டனுக்கும் சிட்னிக்கும் எத்தனை மணி வித்தியாசம் என்பதற்கு ஒரே பதில் கிடையாது. இரண்டு ஊரும் கோடைக்காகக் கடிகாரத்தை மாற்றுகின்றன, அதுவும் எதிரெதிர் மாதங்களில். ஜனவரியில் சிட்னி 11 மணி நேரம் முன்னால். ஏப்ரல் முதல் ஞாயிறு கழிந்ததும் 9 மணி நேரம்தான். மார்ச் கடைசி ஞாயிறு முதல் ஏப்ரல் முதல் ஞாயிறு வரை சில நாட்களும், அக்டோபரில் சில வாரங்களும் 10 மணி நேரம்.

அம்மா திங்கள் இரவு 8.30-க்கு லண்டனில் கிளம்பி 22 மணி 30 நிமிடம் பயணம் செய்தால் சிட்னியில் புதன் காலை 6.00. அச்சான இரண்டு நேரங்களையும் கழித்துப் பார்த்தால் 33½ மணி நேரம் போலத் தெரியும். ஏப்ரல் நடுவில் திரும்பும்போது சிட்னியில் மாலை 4 மணிக்குக் கிளம்பி 24 மணி நேரம் பயணம் செய்தால், லண்டனில் மறுநாள் காலை 7 மணி. கழித்தால் 15 மணி நேரம் மாதிரி இருக்கும். எனவே கிளம்பும் நேரத்தையும் இறங்கும் நேரத்தையும் கழிக்காதீர்கள். டிக்கெட்டில் பயண நேரம் என்று தனியாகப் போட்டிருப்பதை மட்டும் பாருங்கள்.

காலை 6 மணி என்பதற்கும் காரணம் உண்டு. சிட்னி விமான நிலையத்தில் இரவு 11 முதல் காலை 6 வரை, சில விதிவிலக்குகள் தவிர, விமானம் இறங்கத் தடை. சுற்றிலும் வீடுகள். காற்று நன்றாகத் தள்ளி விமானம் சீக்கிரம் வந்துவிட்டால் விமானி வேகத்தைக் குறைத்து வர வேண்டும், அல்லது வானத்தில் வட்டமடித்துக் காத்திருக்க வேண்டும். டிக்கெட்டில் இருக்கும் நேரத்துக்கு முன்னாலேயே விமானம் சிட்னி பக்கத்தில் வந்துவிட்டதாகக் கைபேசியில் தெரிந்தால் பதற வேண்டாம்.

இனி அம்மாவுக்காக. எனக்கு இதில் தெளிவான கருத்து இருக்கிறது: சிங்கப்பூர் வழி. வளைகுடா வழியில் முதல் பகுதி 7 மணி நேரம், இரண்டாவது பகுதி 14. நடு இரவில் எழுந்து, நடந்து, மாறி ஏறி, அதன் பிறகு நீண்ட பகுதியை உட்கார்ந்து கழிக்க வேண்டும். சிங்கப்பூர் வழியில் முதலில் 13 மணி நேரம். இரவில் கிளம்புவதால் பாதியாவது தூங்கிவிடலாம். மிச்சம் 8 மணி நேரம்தான். க்வான்டாஸும் பிரிட்டிஷ் ஏர்வேஸும் ஒரே விமான எண்ணில் லண்டன்–சிங்கப்பூர்–சிட்னி ஓட்டுகின்றன. ஆனால் ஒரே எண் என்பதால் உட்கார்ந்தே இருக்கலாம் என்று அம்மா நினைத்துவிடக் கூடாது. நேரடி விமானம் வேறு, எங்கும் நிற்காத விமானம் வேறு. சிங்கப்பூரில் கைப்பையோடு இறங்கி, சோதனையில் நின்று மறுபடி ஏற வேண்டும். டிக்கெட் போடும்போதே வீல்சேர் கேட்டு வையுங்கள். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. நடக்க முடிந்தவராக இருந்தாலும் கேளுங்கள், வழிகாட்ட ஓர் ஆள் கூடவே வருவார். சாங்கி விமான நிலையத்தில் தமிழ் பேசும் ஊழியர் கிடைப்பதும் எளிது.

பணம் இடம் கொடுத்தால் சிங்கப்பூரில் ஓர் இரவு தங்கி வரச் சொல்லுங்கள். 22 மணி நேரம் 40 ஆகிவிடும், ஆனால் வந்து சேர்பவர் படுக்கையில் விழாமல் பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுவார். அசையாமல் நீண்ட நேரம் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையும் அபாயம் இந்த வயதில் கூடுதல். நடைபாதை ஓர இருக்கை வாங்கிக்கொடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து நடக்கட்டும். இறுக்கமான காலுறை தேவையா, சர்க்கரை அல்லது பிரஷர் மாத்திரையை எந்த ஊர் நேரப்படி போடுவது என்பதை மட்டும் அவருடைய டாக்டரிடம் கேட்டு ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். மாத்திரை கைப்பையில் இருக்க வேண்டும்.

அப்புறம், லண்டனிலிருந்து வரும் அம்மாவின் பையில் கருவாடு, தூள், ஊறுகாய், கறிவேப்பிலை இல்லாமல் இருக்காது. ஆஸ்திரேலியாவில் உணவுப் பொருட்களை அறிவிக்காமல் கொண்டுவந்தால் கடுமையான அபராதம். விமானத்தில் கொடுக்கும் அட்டையில் உணவு இருக்கிறது என்று அறிவித்துவிட்டால் கூடாததை எடுத்து வைத்துக்கொண்டு மற்றதோடு அனுப்பிவிடுவார்கள். கறிவேப்பிலையை அக்கா வீட்டிலேயே விட்டுவிட்டு வருவது நல்லது.

விமானம் 6 மணிக்கு இறங்கினாலும் குடியேற்றம், பெட்டி, இந்தச் சோதனை எல்லாம் முடிந்து அம்மா வெளியே வர 7.15, 7.30 ஆகலாம். ஆறு மணிக்கே போய் நின்று கவலைப்பட வேண்டாம். கிளம்புவது திங்கள், வந்து சேர்வது புதன். வேலையில் லீவு கேட்கும்போது செவ்வாய்க்குக் கேட்டுவிடாதீர்கள்.